செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் டீசல் அடுப்பு: பாதுகாப்பாகப் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளின் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். தேன்குழலும் மனகோலமும் அதிரசமும் சீப்புச் சீடையும் டின் டின்னாக வெளியூர் போகும் இந்த ஊர்களில், பலகாரம் சுடுவதைத் தொழிலாக எடுத்துக்கொண்ட சில வீடுகள் விறகை விட்டு எரிவாயுவுக்கு வந்து, பாதி வேலையில் சிலிண்டர் தீர்ந்துபோகும் தொல்லையைப் பார்த்து, இப்போது டீசல் அடுப்பைப் பற்றி விசாரிக்கின்றன. எண்ணெயை எரிக்கும் பர்னர், அதற்குக் காற்றை ஊதும் ப்ளோயர், டீசல் இருக்கும் டேங்க் மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். அவற்றை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கத்தான் ஒரு வாரமாவது வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்தைப் பற்றியது.

எங்கள் வீட்டில் முதல் அடுப்பைப் பொருத்தித் தந்தவர் பர்னரை நன்றாகவே செய்திருந்தார். ஆனால் எண்ணெயை அடைக்கும் வால்வை அடுப்புக்குப் பின்னால் சுவரோரமாக வைத்துவிட்டார். ஒரு மாலை மின்சாரம் நின்று ப்ளோயர் ஓய்ந்தபோது, மேலே இருந்த டேங்கிலிருந்து டீசல் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. சிவந்திருந்த செங்கல்லில் அது பட்டு, பின்கட்டு முழுவதும் வெண்புகை சூழ்ந்தது. வால்வை மூட வேண்டுமானால் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். டேங்கில் அன்று இரண்டு லிட்டருக்கு மேல் இல்லாததால்தான் தப்பித்தோம். ஆகவே யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பர்னரை வாங்குவதற்கு முன்பே, அதை நிறுத்தும் வால்வு எந்த இடத்தில் இருக்கப்போகிறது என்று சுவரில் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள்.

உங்களுக்கு இந்த அடுப்பு தேவைதானா

வீட்டுச் சமையலுக்கு டீசல் அடுப்பு வேண்டியதில்லை. அது ஓசை எழுப்பும், வாடை வீசும், பற்றவைத்து நிலைக்கு வரச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து பல மணி நேரம் பெரிய சட்டியில் சுடுகிறவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு கணக்கு உதவியாக இருக்கும்: வணிகப் பயன்பாட்டுக்குரிய 19 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பமும், ஏறத்தாழ 24 லிட்டர் டீசலில் இருக்கும் வெப்பமும் ஒன்றே. இரண்டின் அன்றைய விலையையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்து, வேறுபாடு சிறியதாக இருந்தால் எரிவாயுவிலேயே இருந்துவிடுவது நல்லது. மேலும், 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு என்பதால், அதனுடன் ஒப்பிட்டு டீசல் விலை கூடுதல் என்று சொல்வதும் சரியான கணக்கு ஆகாது.

வாகனங்களிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எரிப்பவர்கள் உண்டு. அதில் தேய்ந்த உலோகத் துகள்களும் சேர்க்கைப் பொருள்களும் கலந்திருக்கும். தின்பண்டம் சுடும் இடத்தில் அந்தப் புகைக்கு இடமே கொடுக்கக் கூடாது. டீசலில் பெட்ரோலைக் கலப்பது அதைவிடக் கொடியது. சிறிதளவு கலந்தாலும் டேங்கின் மேற்பகுதியில் பற்றக்கூடிய ஆவி நிறைந்துவிடும்.

டீசலின் குணம்

டீசல் எளிதில் பற்றாது என்று நம் ஊரில் பரவலாகச் சொல்வார்கள். நிழலில் இருக்கும் டீசலுக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் நம் நாட்டில் விற்கப்படும் டீசலுக்கு, அதன் ஆவி நெருப்புப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்பதே தர அளவு. சித்திரை, வைகாசி மாதங்களில் செட்டிநாட்டு வெயில் நிழலிலேயே அந்த அளவைத் தாண்டிவிடும். முற்றத்து வெயிலில் வைத்த இரும்பு டின்னுக்குள் எவ்வளவு இருக்கும் என்பதை அதைத் தொட்டாலே அறியலாம். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றப் பயன்படும் எண்ணெய் பர்னர்களைப் பற்றிய குறிப்புகளை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். அங்கே எண்ணெய் குளிரில் உறையாமல் காப்பது கவலை. இங்கே எண்ணெய் வெயிலில் ஆவியாகாமல் காப்பதே கவலை.

சட்டத்தைப் பொறுத்தவரை, டீசல் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின்படி இரண்டாம் வகுப்பில் வருகிறது. மொத்தம் 2500 லிட்டருக்கு மிகாமலும், ஒரு கலத்தில் 1000 லிட்டருக்கு மிகாமலும் இருந்தால் சேமிக்க உரிமம் தேவையில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகத் தேக்கு உத்தரங்கள் நிறைந்த வீட்டில் இருநூறு லிட்டர் டிரம்மை உருட்டிக்கொண்டு வர வேண்டாம். அன்றாட டேங்கில் 20 லிட்டர், தனி அறையில் ஒரு கேன் இருப்பு என்பதே வீட்டுக்குப் போதுமான அளவு.

இடம்

நம் வீடுகளின் அமைப்பு இந்த வேலைக்கு ஒருவகையில் சாதகமானது. முகப்பு, வளவு எனப்படும் முதல் முற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படியும் பின்கட்டும் என்று வீடு தெருவுக்குத் தெரு நீண்டு கிடப்பதால், குடும்பம் புழங்கும் இடத்துக்கும் நெருப்பு இருக்கும் இடத்துக்கும் நடுவே இயல்பாகவே தூரம் கிடைக்கிறது. பின்கட்டின் கடைசிப் பகுதியில், பின்தெருக் கதவுக்கு அருகில், வானம் தெரியும் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமே தக்க இடம். வளவுக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கே தலைக்கு மேல் இருப்பது நூறாண்டு காய்ந்த பர்மாத் தேக்கு.

இடத்தைப் பார்க்கும்போது மூன்றைச் சோதிக்க வேண்டும். முதலாவது, அடுப்பில் நிற்பவர் வெளியேற இரண்டு வழிகள் இருக்க வேண்டும். ஒன்று அடுப்பைக் கடந்து போவதாக இருந்தால் அதை வழியாக எண்ணக் கூடாது. இரண்டாவது காற்று. ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் ஐப்பசிக் காற்று வடகிழக்கிலிருந்தும் வரும் என்பதால், இந்த இரண்டு திசைகளுக்கும் பர்னரின் வாய் நேராக இருக்கக் கூடாது. எதிர்காற்று சுடரை உள்ளிருந்து வெளியே தள்ளும். மூன்றாவதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை, அது தண்ணீர் போகும் வழி. முற்றத்தில் விழும் மழைநீரைக் கிணற்றுக்கோ தெருக்கால்வாய் வழியாக ஊரணிக்கோ கொண்டுசெல்லும்படி கட்டப்பட்ட வீடுகள் இவை. டேங்கிலிருந்து சிந்தும் டீசலும் அதே வாய்க்காலில்தான் போகும். ஆகவே டேங்கும் அடுப்பும் இருக்கும் பகுதியைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குச் சிமெண்ட் வரப்பு கட்டி, அந்த வரப்புக்குள் வடிகால் துளை எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பழைய வீடுகளில் பங்காளிகள் பலருக்கும் உரிமை உண்டு. சுவரில் புகைக்குழாய்க்குத் துளை போடுவதற்கு முன் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பொங்கலுக்கு வந்து துளையைப் பார்க்கும்போது தொடங்கும் பேச்சு, புகையைவிட நெடுநாள் நிற்கும்.

காற்றும் புகையும்

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 2 லிட்டர் எரிக்கும் பர்னர் என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையைக் கதவடைத்து விட்டு அதை எரிக்கும்போது, ஏறத்தாழ கால் மணி நேரத்தில் அறைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கிவிடும். அதற்கு முன்பே சுடர் மஞ்சளாகி, கார்பன் மோனாக்சைடு உருவாகத் தொடங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தோன்றினால் வெயிலில் வேலை செய்த களைப்பு என்று ஒதுக்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

தாழ்வாரத்தின் ஒரு பக்கமாவது முற்றத்துக்கு முழுவதும் திறந்திருக்குமானால் காற்றுக்குத் தனியாக ஏற்பாடு வேண்டியதில்லை. அறைக்குள்தான் வைக்க முடியும் என்றால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு திறப்பும், எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே ஒரு திறப்பும் இருக்க வேண்டும். அவற்றுக்கு மூடும் கதவு கூடாது, கம்பி வலை மட்டுமே போட வேண்டும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது என்று சாக்கு கட்டி மறைப்பது நம் வீடுகளில் நடக்கிற ஒன்று. அப்படி மறைக்கத் தேவையில்லாதபடி திறப்பின் மேல் ஒரு சிறு சாய்ப்பை முதலிலேயே போட்டுவிடுவது எளிது.

புகைக்குழாயை ஓட்டுக்கூரையின் வழியாக மேலே எடுக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஓட்டுக்கு அடியில் ரீப்பரும் கைமரமும் இருக்கின்றன; சூடான தகரக் குழாய் அவற்றை ஆண்டுக்கணக்கில் வறுத்து, கடைசியில் குறைந்த சூட்டிலேயே பற்றும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தடித்த செங்கல் சுவரின் வழியாகக் குழாயை வெளியே எடுத்து, வெளிச்சுவரை ஒட்டி மேலே ஏற்றுவதே சரி. ஒற்றைத் தகரக் குழாய்க்கும் எந்த மரத்துக்கும் நடுவே 45 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். குழாயின் உச்சி, 3 மீட்டர் சுற்றளவில் உள்ள எந்தக் கூரை முகட்டைவிடவும் 60 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால்தான் காற்று புகையைத் திருப்பி அடிக்காது. உச்சியில் மழைத்தொப்பியும், மாடப்புறா கூடு கட்டாமல் இருக்க வலையும் வேண்டும்.

அடுப்பு மேடை

ஆத்தங்குடிக் கல் தளத்தின் மேல் அடுப்பை நேராக வைக்கக் கூடாது. அது சிமெண்டால் வார்த்த கல். தொடர்ந்த சூட்டில் வெடிக்கும், சிந்தும் எண்ணெயைக் குடித்து நிறம் மாறும். தளத்தின் மேல் மணல் பரப்பி, அதன் மேல் சாதாரணச் செங்கல் இரண்டு வரிசை, அதற்கும் மேல் சுடர் படும் இடத்தில் தீச்செங்கல் என்று அடுக்கி, இணைப்புகளுக்கு ஃபயர் கிளே எனப்படும் சூடு தாங்கும் மண் பூச வேண்டும். சிமெண்ட் கலவை சுடர் படும் இடத்தில் நிற்காது.

மேடையின் உயரத்தைச் சுடுகிறவரின் உயரத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். சட்டியின் விளிம்பு அவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால், தேன்குழல் பிழியும்போது கை சட்டிக்கு மேல் தூக்கி நிற்காது. சட்டி உட்காரும் இரும்பு வளையத்தை மேடையோடு சேர்த்துப் பதித்துவிட வேண்டும். பர்னரால் வரும் விபத்தைவிடச் சட்டி சரிவதால் வரும் விபத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

டேங்க்

டேங்க் இரும்புத் தகட்டில் வெல்டிங் வைத்துச் செய்ததாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய தகடும் ஜிஐ குழாயும் டீசலுக்கு ஒத்துவராது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து உண்டாக்கும் கசடு வால்வை அடைக்கும். பிளாஸ்டிக் கேனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதைப் பற்றி எழுதவே கூடாது, ஆனால் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

வெல்டிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. டேங்கின் வெளிப்புற இணைப்புகள் மீது சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டு, உட்புறம் மண்ணெண்ணெயோ டீசலோ தடவி ஓர் இரவு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகூட மறுநாள் காலையில் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் கறையாகத் தெரியும்.

டேங்கின் அடிப்பகுதி பர்னரைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் எண்ணெய் தானே இறங்கும். ஆனால் அது பர்னருக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் 3 மீட்டருக்குக் குறையாத தூரமும், நடுவே ஒரு செங்கல் சுவரும் வேண்டும். வெயில் படாத இடமாக இருக்க வேண்டும், வெள்ளை வண்ணம் பூச வேண்டும். மூடியில் ஒரு மூச்சுக்குழாய் வைத்து, அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்து நுண்வலை கட்ட வேண்டும். தீபாவளிக் காலம்தான் நமக்கு வேலை மிகுந்த காலம். அதே வாரத்தில்தான் பின்தெருவில் பிள்ளைகள் ராக்கெட் விடுவார்கள் என்பதையும் நினைவில் வைத்து அந்த வாயின் திசையைத் தீர்மானியுங்கள்.

டேங்கை விளிம்புவரை நிரப்பக் கூடாது. 20 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் 300 மில்லி லிட்டருக்கு மேல் பெருகும். பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். டேங்குக்கு அடியில், அதன் முழுக் கொள்ளளவையும் தாங்கக்கூடிய தட்டு ஒன்று இருக்க வேண்டும். அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்க மிகத் தாழ்வான இடத்தில் ஒரு வடிகுழாயும், பர்னருக்குப் போகும் குழாய் அதைவிட இரண்டு விரல் உயரத்திலும் இருந்தால் தண்ணீர் பர்னருக்குப் போகாது.

குழாயும் வால்வுகளும்

இதுதான் முக்கியமான பகுதி. டேங்கிலிருந்து பர்னர்வரை கறுப்பு இரும்புக் குழாய் போட வேண்டும். ரப்பர் ஹோஸ் கூடாது. அதிர்வு தாங்குவதற்காகக் கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட, எண்ணெய்க்கென்றே செய்த ஹோஸைப் பயன்படுத்தலாம். மரை இணைப்புகளில் பிளம்பர்கள் பழக்கத்தில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவார்கள். அதன் நார் பிய்ந்து போய், சுடரைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வின் நுண்ணிய வாயில் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் தாங்கும் பசையைப் பூசச் சொல்லுங்கள். அதையும் முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டுப் பூசச் சொல்லுங்கள்.

இந்தக் குழாயில் கையால் இயக்கும் வால்வுகள் மூன்று வேண்டும். முதலாவது டேங்கின் வாயில். நாள் வேலை முடிந்ததும் மூடுவதற்கு. அதையடுத்து ஒரு ஃபில்டர். இரண்டாவது, வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், கால் திருப்பத்தில் மூடும் சிவப்புக் கைப்பிடி வைத்த பால் (ball) வால்வு. இதை நான் வாசல் வால்வு என்று சொல்வேன். ஓடிக்கொண்டே, நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, ஒரு கையால் தட்டி மூடும்படி அது இருக்க வேண்டும். குழாய் கூடுதலாகச் சில மீட்டர் சுற்றிவர வேண்டியிருந்தாலும் அந்தச் செலவைக் குறைக்கக் கூடாது. மூன்றாவது, சுடரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு. இது பர்னரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, சுடுகிறவரின் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும்.

கைவால்வுகளோடு தானே மூடும் வால்வு ஒன்றும் வேண்டும். மின்சாரம் இருந்தால் மட்டும் திறந்து, மின்சாரம் நின்றதும் வில்விசையால் மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வை நீடில் வால்வுக்கு முன்னால் பொருத்த வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனமாகக் கேட்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பல சோலினாய்டு வால்வுகள் குழாயில் நல்ல அழுத்தம் இருந்தால்தான் திறக்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் டீசலுக்கு 0.08 பார் அளவுதான் அழுத்தம் இருக்கும் என்பதால், டைரக்ட் ஆக்டிங் என்று சொல்லப்படும், அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கும் வகையை, டீசலுக்கு ஏற்ற சீலோடு கேட்டு வாங்க வேண்டும். மேல்நாட்டு வீட்டு பர்னர்களில், குறைந்த சூட்டில் உருகும் உலோகத் துண்டு வைத்து, அடுப்பைச் சுற்றித் தீப்பிடித்தால் 74 டிகிரியளவில் தானே மூடிக்கொள்ளும் வால்வும் இருக்கும். கிடைத்தால் அதையும் அடுப்புக்கு அருகில் போட்டுக்கொள்வது சிறப்பு.

ப்ளோயரும் மின்சாரமும்

ப்ளோயரைப் பர்னரைவிடச் சற்று உயரத்தில் வைத்து, காற்றுக்குழாய் பர்னரை நோக்கிச் சரிந்து வரும்படி அமைக்க வேண்டும். மாறாக இருந்தால் எரியாத எண்ணெய் குழாய் வழியே ப்ளோயருக்குள் திரும்பிவிடும். அடுத்த முறை பட்டனை அழுத்தும்போது அந்த எண்ணெய் முழுவதும் நெருப்பில் தெளிக்கப்படும்.

பழைய மரப்பட்டி வயரிங்கிலிருந்து இணைப்பு எடுக்காமல், மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் எம்சிபியும் போட்டு, மோட்டாரின் உடலையும் டேங்கையும் எர்த் செய்ய வேண்டும். இனி முக்கியமானது. ப்ளோயரைச் சாதாரண சுவிட்சில் இயக்கினால், மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது ஆள் இல்லாத நேரத்தில் காற்றும் எண்ணெயும் தாமே தொடங்கிவிடும், சுடரோ அணைந்திருக்கும். வயல் பம்ப்செட்டில் பயன்படுத்தும் ஸ்டார்ட்டரை நம் எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் நின்றால் அது விழுந்துவிடும், மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அதே வகை ஸ்டார்ட்டரை ஒற்றைப் பேஸுக்கு ஏற்றதாக வாங்கி, அதன் வெளியீட்டிலிருந்தே ப்ளோயருக்கும் சோலினாய்டு வால்வுக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டால், மின்சாரம் தடைப்பட்ட அந்த நொடியில் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும், மனிதர் வந்து அழுத்தாமல் திரும்பத் தொடங்காது. இந்த இணைப்பை இன்வெர்ட்டரோடு சேர்க்க வேண்டாம்.

எரிப்பதற்கு முன் சோதனை

டேங்கில் 5 லிட்டர் ஊற்றி, நீடில் வால்வைத் தவிர எல்லாவற்றையும் திறந்து, இணைப்புகளின் கீழே வெள்ளைக் காகிதம் பரப்பி ஓர் இரவு விடுங்கள். சோலினாய்டு வால்வு திறந்தால்தான் அதற்கு அப்பாலுள்ள குழாய்க்கு எண்ணெய் போகும் என்பதால், அடுப்பைப் பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு அந்தப் பகுதியையும் பாருங்கள். அடுத்ததாக ஹோஸின் முனையை ஒரு சீசாவில் விட்டு, நீடில் வால்வைத் திறந்து எண்ணெய் விழும்போதே மெயின் சுவிட்சை அணைத்து, எண்ணெய் உண்மையிலேயே நிற்கிறதா என்று சோதியுங்கள். புகைக்குழாயின் அடிவாயில் ஊதுவத்தியைப் பிடித்து, புகை உள்ளே இழுக்கப்படுகிறதா என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். காற்றின் திசை மாறும்போது விடையும் மாறலாம்.

முதல் நாள் சட்டியில் சமையல் எண்ணெய் ஊற்றாமல் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் எரித்து, அந்த நேரத்தில் சுவரையும் அருகிலுள்ள மரத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மரத்தில் கையை வைத்திருக்க முடியாத அளவு சூடிருந்தால் இடைவெளி போதவில்லை.

பற்றவைத்தலும் அணைத்தலும்

பற்றவைக்கும்போது முதலில் நெருப்பு, பிறகு காற்று, கடைசியில் எண்ணெய் என்பது வரிசை. டீசலில் நனைத்த பஞ்சை நீண்ட கம்பியின் நுனியில் கட்டிக் கொளுத்திப் பர்னரின் வாயில் வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்தி, காற்றை மிகக் குறைவாக விட்டு, அதன்பின் நீடில் வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். முகத்தைப் பர்னருக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அணைக்கும்போது எண்ணெயை முதலில் அடைத்து, ப்ளோயரை மேலும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே தங்கிய ஆவியை வெளியேற்றிய பிறகே நிறுத்த வேண்டும். சோலினாய்டு வால்வு தானே மூடும் என்று நம்பி, ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுப் போகும் பழக்கம் வரக் கூடாது; எண்ணெய் வருவது நின்றுவிடும், ஆனால் ஆவி உள்ளேயே தங்கும்.

புகையின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு, அல்லது எண்ணெய் மிகுதி. வெண்புகை என்றால் எண்ணெய் எரியாமல் ஆவியாகிறது. சுடர் அணைந்தபின் சூடான செங்கல்லிலிருந்து எழும் வெண்புகைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்த நேரத்தில் மறுபடி பஞ்சைக் கொளுத்தி உள்ளே நீட்டுவது, நிறைந்து நிற்கும் ஆவிக்கு நாமே பொறி வைப்பதாகும். வாசல் வால்வை மூடி, வெளியே வந்து, புகை முழுவதும் அடங்கிச் செங்கல் ஆறிய பிறகு, தேங்கிய டீசலைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டே மீண்டும் பற்றவைக்க வேண்டும். எவ்வளவு மாவு பிசைந்து காத்திருந்தாலும் இதில் அவசரம் கூடாது.

தீப்பிடித்தால்

டீசல் அடுப்பில் இரண்டு எண்ணெய்கள் இருக்கின்றன. கீழே எரியும் டீசல் ஒன்று, மேலே கொதிக்கும் கடலை எண்ணெய் மற்றொன்று. இரண்டின் மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரியும். எண்ணெய்க்கு அடியில் போன ஒரு குவளை நீர் சட்டி முழுவதையும் நெருப்போடு கூரைக்குத் தூக்கி எறியும்.

சட்டியைவிடப் பெரிய தகர மூடி ஒன்று, நீண்ட கைப்பிடியோடு, சட்டிக்கு எட்டும் தூரத்தில் சுவரில் தொங்க வேண்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் டீசலை அடைத்துவிட்டு, மூடியைக் கேடயம்போல் முன்னால் பிடித்துச் சறுக்கி மூடி, முழுவதும் ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். சட்டியைத் தூக்கி நகர்த்த முயலக் கூடாது. தரையில் சிந்திய டீசலுக்கு இரண்டு வாளி உலர்ந்த மணலும், கதவுக்கு வெளிப்புறம் மாட்டிய உலர்பொடித் தீயணைப்பானும் வேண்டும். அடுப்புக்குப் பின்னால் மாட்டிய தீயணைப்பானால் பயன் இல்லை. அரை நிமிடத்தில் அடங்காத தீயோடு போராடாமல் வெளியேறி 101 அல்லது 112ஐ அழைக்க வேண்டும். அடுப்பில் நிற்பவர்கள் நைலான், பாலியஸ்டர் சேலைகளைத் தவிர்த்து நூல் சேலை கட்டி, முந்தானையைச் செருகிக்கொள்ளட்டும்.

பருவத்துக்குப் பருவம்

டீசல் நிரப்புவதை அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை டேங்கின் அடியிலிருந்து ஒரு குவளை வடித்துத் தண்ணீர் தெரிகிறதா என்று பார்ப்பதும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பர்னரின் கரியைச் சுரண்டுவதும், ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவதும் போதுமானவை. ஹோஸ் வளையும் இடத்தில் வெடிப்புத் தெரியாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவேன்.

தைக்குப் பிறகு வேலை ஓய்ந்து, ஆறு மாதத்துக்கு மேல் அடுப்பு கிடக்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். பழைய டீசலில் பிசின் சேரும், காலியிடத்தில் வியர்த்த தண்ணீர் அடியில் துருவேற்றும். ஆவணியில் மீண்டும் தொடங்கும்போது புகைக்குழாயின் உச்சியில் கூடு இருக்கிறதா என்று முதலில் ஏறிப் பார்த்து, மின்தடைச் சோதனையைச் சீசா வைத்து மறுபடியும் செய்து, வாசல் வால்வின் கைப்பிடி ஒரே தட்டில் மூடுகிறதா என்று வீட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் ஒருமுறை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.